விதை போட்டவள் பெயர் இல்லாத ஆப்பிள்

ஆப்பிளைத் தின்றுவிட்டு விதையைத் தொட்டியில் ஊன்றிப் பார்க்காத குழந்தை உண்டா? 1809-ல் இங்கிலாந்தின் சவுத்வெல் என்ற ஊரில் மேரி ஆன் பிரெயில்ஸ்போர்டு என்ற இளம்பெண்ணும் அதைத்தான் செய்தார். ஒரு விதை மரமானது.

பிறகு வீடு கைமாறியது. 1846-ல் அதை வாங்கியவர் மேத்யூ பிராம்லி. கசாப்புக் கடைக்காரர். 1856-ல் ஹென்றி மெரிவெதர் என்ற இளைஞர் வந்து, அந்த மரத்திலிருந்து ஒட்டுக்குச்சி கேட்டார். பழத்துக்குத் தன் பெயரை வைப்பதானால் எடுத்துக்கொள்ளலாம் என்றார் பிராம்லி. சமையலுக்குப் பெயர்போன புளிப்பு ஆப்பிளான 'பிராம்லி' இப்படித்தான் பிறந்தது. விதை போட்ட மேரி ஆன் 1852-லேயே இறந்துவிட்டார்.

விதை கேட்காமல் குச்சியை ஏன் கேட்டார்? தேனீ வேறு மரத்து மகரந்தத்தைக் கொண்டு வருவதால், ஒவ்வொரு ஆப்பிள் விதையும் புதுக் கலவை. பிள்ளைகள் எல்லாம் தாயை அப்படியே உரித்து வைப்பதில்லையே! அதே பழம் வேண்டுமானால் ஒட்டுக்கட்டத்தான் வேண்டும். ஒட்டுக்கட்ட ஆள் இல்லாவிட்டால் அந்த ரகம் மரத்தோடு போய்விடும்.

பழைய ஆங்கிலேய ரகங்களுக்குக் குளிர்காலம் முழுக்க நல்ல குளிர் வேண்டும். நம் சமவெளிக்கு அவை ஒத்துவராது. ஆனால், இங்கிலாந்தில் பழைய வீடு வாங்கிய மகனோ மகளோ, 'கொல்லையில் ஒரு கிழட்டு ஆப்பிள் மரம் நிற்கிறது, வெட்டப்போகிறோம்' என்றால் இதை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

* இலை உதிர்ந்த குளிர்காலத்தில், பென்சில் கனமுள்ள ஒரு வருடத் தளிர்க்குச்சிகளை வெட்டுங்கள்.

* ஈரக் காகிதத்தில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். பக்கத்தில் பழங்கள் வேண்டாம். பழங்கள் விடும் எத்திலீன் வாயு மொட்டைக் கெடுக்கும்.

* வசந்தம் தொடங்கும்போது நர்சரியில் வாங்கிய வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டுங்கள். சின்னத் தோட்டத்துக்கு எம்9 வேர்ச்செடி போதும். மரம் குட்டையாக நிற்கும். ஆனால், ஆயுள் முழுக்க முட்டுக்கொம்பு வேண்டும்.

* நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலேயே இருக்கட்டும். புதைந்தால் மேல்குச்சியே வேர்விட்டு மரம் உயரமாகிவிடும்.

* பிராம்லியின் மகரந்தம் மற்ற மரங்களுக்கு உதவாது. எனவே அதே நேரத்தில் பூக்கும் வேறு இரண்டு ரகங்கள் அருகில் இருந்தால்தான் எல்லாமே காய்க்கும். பக்கத்து வீட்டு மரங்களும் கணக்கில் சேரும்.

* முதல் இரண்டு வருடப் பிஞ்சுகளைக் கிள்ளிவிடுங்கள். முதலில் வேர் பிடிக்கட்டும்.

மேரி ஆனின் மரம் 1900-ல் புயலில் சாய்ந்தது. கிடந்தபடியே மறுபடி துளிர்த்து எழுந்தது. அது துளிர்க்காமல் போயிருந்தாலும் பிராம்லி அழிந்திருக்காது. அதற்குள் எத்தனையோ தோட்டங்களுக்கு அதன் குச்சிகள் போயிருந்தன.

உங்கள் கன்றில் மாட்டும் அட்டையில் ரகத்தின் பெயரோடு, குச்சி தந்தவர் பெயரையும் எழுதி வையுங்கள்.