லாபம் ஒருவருக்கு, உறை ஊருக்கு

வணிகம் லாபமும் ஈட்டலாம், சமூகத்தின் துயரையும் துடைக்கலாம் என்ற கருத்துக்கு மறுப்புச் சொல்வாரே இல்லை என்றாகிவிட்டது. அதைக் கோட்பாடாக வகுத்தவர்களுள் முக்கியமானவர் கோவையில் பிறந்த சி.கே.பிரகலாத். ஏழைகளை உதவிக்குக் காத்திருப்பவர்களாக அல்ல, வாடிக்கையாளர்களாகப் பாருங்கள் என்றது 2004இல் வெளிவந்த அவரது நூல். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் ஷாம்பூ சாஷேயும் அதில் ஒரே வாதத்துக்குச் சான்றுகளாகின்றன. நாம் மறுப்பது இந்த இணைவைப்பைத்தான்.

1976இல் மருத்துவர் ஜி.வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கியது அரவிந்த். கட்டணம் செலுத்துவோரிடமிருந்து வரும் உபரி, செலுத்த இயலாதோரின் அறுவைச் சிகிச்சையைத் தாங்குகிறது. இறக்குமதியான உள்விழி லென்ஸ் சுமார் 100 டாலர் விற்ற நாளில், 1992இல் நிறுவப்பட்ட ஆரோலேப் அதைப் பத்து டாலர் அளவுக்கு இறக்கியது. இங்கே கணக்கு நஷ்டத்தில் முடிவதில்லை. ஆனால் உபரியைப் பிரித்துக்கொள்ளப் பங்குதாரர் எவருமில்லை, அது அறக்கட்டளை.

சாஷேயை நாம் ஏளனம் செய்யவில்லை. கடலூரில் சின்னி கிருஷ்ணன் போன்ற முன்னோடிகள் ஷாம்பூவைச் சிறு உறையில் அடைத்ததால்தான், முழுப் புட்டி வாங்க முடியாத தினக்கூலிக்காரர் வீட்டிலும் அது நுழைந்தது. அது பெரிய காரியமே. ஆனால் காலி உறை எங்கே போகிறது? பல அடுக்குகளை ஒட்டிச் செய்த அந்த உறையைப் பிரித்தெடுப்பது கட்டுப்படியாகாது. பழைய பேப்பர் கடையில் அதற்கு விலையில்லை. விலையில்லாததைக் குப்பை பொறுக்குபவரும் குனிந்து எடுப்பதில்லை. அது சாக்கடையை அடைக்கிறது. அதை அள்ளுவது தூய்மைப் பணியாளரின் கை; செலவு உள்ளாட்சியின் தலையில்.

உற்பத்தியாளரே பொறுப்பேற்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. உறையை மீட்கும் செலவையும் விலையில் சேர்த்தால், அந்தச் சிறு உறை இன்றைய லாபத்தைத் தருமா? தராது என்றால், அந்த லாபம் ஊரார் கட்டிய மானியமன்றி வேறென்ன?

லாபத்தின்மீது நமக்குப் பகை இல்லை. செலவைப் பிறர் தலையில் கட்டிவிட்டு மிச்சத்தைச் சேவை என்று அழைப்பதே நமக்கு ஒவ்வாதது. ஆண்டறிக்கையில் மரக்கன்று நடும் படங்களை அச்சிடும் நிறுவனங்கள், அவ்வாண்டு விற்ற உறைகள் எத்தனை, திரும்பப் பெற்றவை எத்தனை என்பதையும் அதே பக்கத்தில் அச்சிடட்டும். சமூகப் பணியைப் பற்றி அதன்பின் பேசுவோம்.