தண்ணி ஊத்தினால் மட்டும் போதுமா?



விழா என்றால் நம் கல்லூரி மேடைக்கு முன்னால் பூந்தொட்டிகள் வரிசை கட்டி நிற்கும். விழா முடிந்ததும் அவை வராந்தாவுக்கும் விடுதி அறைகளுக்கும் போகும். அடுத்த செமஸ்டருக்குள் பாதி காலி! "ரூமுக்குள்ளே செடியெல்லாம் வராதுப்பா" என்று தீர்ப்பும் சொல்லிவிடுவோம். இதை நான் ஏற்கவில்லை. நமக்கு வராதது செடி அல்ல, பராமரிப்பு!

ஹோயா என்ற கொடியையே எடுத்துக்கொள்வோம். தடித்த இலை, மெழுகில் வார்த்தது போன்ற நட்சத்திரப் பூங்கொத்து, இருட்டினால் மணம். நம்ம ஊர் எருக்கின் குடும்பம்தான். கிள்ளினால் பால் வரும். 1810-ல் ராபர்ட் பிரவுன் என்ற தாவரவியலாளர் இதற்குப் பெயர் சூட்டியபோது, ராஜா பெயரையோ பிரபு பெயரையோ வைக்கவில்லை. லண்டன் அருகே சையன் மாளிகைத் தோட்டத்தைக் கவனித்துவந்த தாமஸ் ஹாய் என்ற தோட்டக்காரரின் பெயரை வைத்தார். பராமரிப்பவருக்குக் கிடைத்த மரியாதை!

சரி, அறைக்குள் செடி ஏன் சாகிறது? முதல் காரணம் வெளிச்சம். உச்சி வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் வரை இருக்கும். டியூப் லைட் எரியும் அறையில் சில நூறுதான். நம் கண் சமாளித்துக்கொள்ளும், செடி சமாளிக்காது. அதனால் தொட்டிக்கு இடம் மேசை மூலை அல்ல, சன்னல் ஓரம். காலை வெயில் படும் கிழக்குச் சன்னல் என்றால் பிரமாதம். சுடுகிற மதிய வெயில் நேராகப் பட்டால் இலை மஞ்சளாகும்.

இரண்டாவது காரணம்தான் பெரிய வில்லன்: அதிகத் தண்ணீர்! வேருக்கும் காற்று வேண்டும். மண் எப்போதும் சொதசொதவென்று இருந்தால் காற்று வெளியேறி வேர் அழுகும். அழுகிய வேர் தண்ணீர் உறிஞ்சாது, இலை சுருங்கும். "ஐயோ, வாடுதே" என்று நாம் இன்னும் ஒரு மக் ஊற்றுவோம். கதை முடிந்தது! ஃபால்ட் எங்கே என்று பார்க்காமல் ஃப்யூஸை மாற்றிக்கொண்டே இருப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

செய்ய வேண்டியது எளிது. விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரமிருந்தால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருங்கள். காய்ந்திருந்தால் அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றுங்கள். ஹோயா காட்டில் மரத்தைத் தொற்றி வளரும் கொடி. எனவே மண்ணோடு தேங்காய் மட்டைத் துண்டு, கரித்துண்டு கலந்தால் வேர் மூச்சு விடும். மாவுப்பூச்சி வந்தால் சோப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்துவிடலாம்.

இன்னொன்று: பூ உதிர்ந்ததும் அந்தக் காம்பை வெட்டாதீர்கள்! அதே காம்பில்தான் மறுபடி பூக்கும். இலையில்லாமல் நீளும் கொடியையும் விட்டுவிடுங்கள். முதலாண்டில் நான் நட்ட துண்டு, மூன்றாமாண்டான இப்போதுதான் மொட்டு விட்டிருக்கிறது. பொறுமைதான் உரம்!

நண்பர்களே, நாளை நம்மில் பலர் பார்க்கப்போவது மெயின்டெனன்ஸ் வேலை. புது மெஷினுக்கு மாலை விழும், ரிப்பன் வெட்டுவார்கள். அதை ஓட வைப்பவனுக்கு யாரும் கைதட்டுவதில்லை. பராமரிப்பு என்பது எதையாவது செய்துகொண்டே இருப்பதல்ல; பார்த்து, காரணம் தெரிந்து, தேவையானதை மட்டும் செய்வது. இதை ஒர்க்‌ஷாப்பில் மட்டும்தான் கற்க வேண்டுமா என்ன?

நம் யூனியனுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விழாவுக்கு ஐம்பது தொட்டி வாங்க வேண்டாம். விடுதி மாடிக்கு ஒன்று போதும். பக்கத்தில் ஓர் அட்டை தொங்கட்டும்: தேதி, மண் ஈரமா காய்ந்ததா, தண்ணீர் ஊற்றியது யார். முறை வைத்துப் பார்த்துக்கொள்வோம். நாம் டிப்ளமோ வாங்கிக்கொண்டு போன பிறகும் ஜூனியர்களுக்கு அது பூக்கும்.

சிந்திப்போம்... செயல்படுவோம்!

- இறுதியாண்டு மாணவன், மின்னியல் துறை