ஜெர்மன் படிக்க அகராதி போதுமா?

ஜெர்மன் மொழியில் தத்துவமும் கவிதையும் படிக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் என்ன செய்கிறார்கள்? தடித்த அகராதி ஒன்றும், காண்ட் எழுதிய தத்துவ நூல் ஒன்றும் வாங்கி வருகிறார்கள். பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் புத்தகம் பரணுக்குப் போய்விடுகிறது!

அது தவறான வழி. நல்ல வழியைக் காட்டியவர் ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ்.

1798-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் அவர் கப்பல் ஏறி ஜெர்மனிக்குப் போனார். அப்போது அவருக்கு வயது 25. பீங்கான் தொழில் நடத்திய வெட்ஜ்வுட் குடும்பத்துச் சகோதரர்கள் அவருக்கு ஆண்டுக்கு 150 பவுன் உதவித்தொகை கொடுத்தார்கள். அந்தத் தைரியத்தில் மனைவி சாராவையும் இரண்டு சிறு பிள்ளைகளையும் ஊரில் விட்டுவிட்டுப் புறப்பட்டார். கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தும் அவருடைய தங்கையும் கூடப் போனார்கள்.

ராட்ஸபுர்க் என்ற ஊரில் ஒரு பாதிரியார் வீட்டில் கோல்ரிட்ஜ் தங்கினார். வயதான அந்தப் பாதிரியாருடன் நிலவறை முதல் கூரை வரை சுற்றுவார். தோட்டத்துக்கும் போவார். கண்ணில் படும் சின்னஞ்சிறு சாமானைக்கூட விடமாட்டார். ஜெர்மன் மொழியில் அதற்கு என்ன பெயர் என்று கேட்டுத் தெரிந்துகொள்வார். விளம்பரங்களையும் வேடிக்கைத் துணுக்குகளையும் படித்தார். குழந்தைகளோடு விளையாடி, அவர்கள் பேச்சைக் காதில் வாங்கினார்.

வேர்ட்ஸ்வொர்த் வேறு ஊருக்குப் போனார். தங்கையோடு அறைக்குள் இருந்து, ஆங்கிலத்தில் கவிதை எழுதினார். அருமையான கவிதைகள்தான். ஆனால் ஜெர்மன் வரவில்லை!

குழந்தைப் பேச்சுக்கும் தத்துவத்துக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. தத்துவ நூல்களில் 'பெக்ரிஃப்' என்ற சொல் அடிக்கடி வரும். 'கருத்து' என்று அகராதி சொல்லும். ஆனால் அதற்குள் இருப்பது 'கிரைஃபன்' என்ற சொல். கையால் பிடிப்பது என்று அர்த்தம். தமிழில் 'விஷயம் பிடிபட்டது' என்று சொல்வது இல்லையா? அதேதான்! வீட்டுச் சொல் தெரியாதவனுக்குத் தத்துவச் சொல் வெறும் ஓசை.

(பல ஜெர்மன் வாக்கியங்களில் வினைச்சொல் கடைசியில் வரும். ஆங்கிலேயர்கள் திண்டாடுவார்கள். தமிழர்களுக்கு அது பழகிய பாதை!)

மகன் மரணம்

1799-ம் ஆண்டு பிப்ரவரி 10-ந் தேதி, கோல்ரிட்ஜின் இளைய மகன் பெர்க்லி இறந்துபோனான். ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தை. தகவல் தந்தைக்குக் கிடைத்தது ஏப்ரலில்தான். அப்போது அவர் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார். துக்கப்பட்டார், ஆனால் உடனே புறப்படவில்லை. ஜூலையில்தான் இங்கிலாந்து திரும்பினார்.

அவர் மொழி கற்ற முறையைப் பாராட்டலாம். இதைப் பாராட்ட முடியாது. குழந்தையைப் பறிகொடுத்துவிட்டுத் தனியாக இருந்த சாராவுக்கு, ஷில்லர் கவிதையால் என்ன ஆறுதல் கிடைத்திருக்கும்?

1800-ல் ஷில்லரின் 'வாலன்ஸ்டைன்' நாடகங்களை கோல்ரிட்ஜ் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். காண்ட் நூல்களில் அவர் மூழ்கியது 1801-ல். பாதிரியார் வீட்டு நிலவறையில் சாமான்களுக்குப் பெயர் கேட்டு அதற்குள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.