கணினி சொன்னால் மருந்தாகிவிடுமா?

கொரோனா பரவிய 2020இல் தாம்பரம் தொடங்கி வண்டலூர் வரை வீட்டுக்கு வீடு சித்த மருத்துவக் கஷாயமான கபசுரக் குடிநீர் கொதித்தது. கூடவே ஒரு பேச்சும் பரவியது: “மூலிகை வைரஸைக் கட்டிப்போடுவதை கம்ப்யூட்டரிலேயே நிரூபித்துவிட்டார்கள்.” இன்றும் எந்த மூலிகையைப் பற்றிப் பேசினாலும் இந்த வாதம் வந்துவிடுகிறது. இது தவறு. நோயாளிக்கும் கேடு, சித்த மருத்துவத்துக்கும் கேடு.

கொரோனா வைரஸின் முக்கியப் புரதம் ஒன்றின் வடிவம் 2020 பிப்ரவரியில் புரதத் தரவு வங்கியில் வெளியானது. மூலிகைச் சேர்மங்களின் பட்டியலும் இணையத்தில் உண்டு. இரண்டையும் இறக்கி இலவச டாக்கிங் மென்பொருளில் கொடுத்தால், சேர்மம் அந்தப் புரதத்தோடு எவ்வளவு பொருந்தும் என்று ஒரு எண் வரும். பத்துப் பொருத்தமும் அமைந்தாலே கல்யாணம் முடிந்ததாகுமா? அந்தச் சேர்மம் குடலில் உறிஞ்சப்படுமா, கல்லீரலைத் தாண்டுமா, எந்த அளவில் நஞ்சாகும் என்பதையெல்லாம் அந்த எண் சொல்லாது.

கபசுரக் குடிநீரில் சுக்கு, திப்பிலி, நிலவேம்பு, ஆடாதோடை என 15 சரக்குகள். தண்ணீரில் காய்ச்சி வடிகட்டிக் குடிக்கிறோம். பட்டியலில் உள்ள சேர்மமோ மெத்தனாலில் பிரித்தெடுத்ததாக இருக்கலாம். நீரில் கரையாததாகவும் இருக்கலாம். டம்ளரில் இறங்காத பொருள் கணினியில் தேறி யாருக்கு என்ன லாபம்?

இந்தப் பட்டியல்களைத் தரும் தரவுத்தளங்கள் மீது குற்றமில்லை. தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் அரிஜித் சாமலின் குழு 2018இல் வெளியிட்ட ‘இம்பாட்’ இந்திய மூலிகைகளுக்கான அரிய களஞ்சியம். அதன் இரண்டாம் பதிப்பில் 4,010 தாவரங்கள், 17,967 சேர்மங்கள். எந்தச் சேர்மம் செடியின் எந்தப் பாகத்தில் என்ற விவரமும் உண்டு. மருந்தாகத் தகுந்த குணங்கள் கொண்டவை என்று வடிகட்டியதில் மிஞ்சியவை 1,335 மட்டுமே. எதை முதலில் சோதிக்கலாம் என்று காட்டுவதே அதன் வேலை. தீர்ப்பு சொல்வது அல்ல.

தீர்ப்புக்கு வேறு வழி இருக்கிறது. குடிநீரையே ஆய்வகத்தில் பகுத்து, உயிரணுக்களில் சோதித்து, 2007 முதல் இயங்கும் இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிந்து, மனிதர்களிடம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கபசுரக் குடிநீருக்கே அப்படிப் பதிவான பரிசோதனைகள் உண்டு. வாதாடுபவர்கள் அவற்றை வைத்தல்லவா வாதாட வேண்டும்! தரமணியில் தரவு இருக்கிறது. தாம்பரம் சானடோரியத்தின் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் மருத்துவர்களும் நோயாளிகளும் இருக்கிறார்கள். இனி யாராவது “கம்ப்யூட்டரில் நிரூபணம்” என்றால், “எத்தனை பேரிடம் சோதித்தீர்கள், எதோடு ஒப்பிட்டீர்கள், முடிவு என்ன?” என்று கேளுங்கள். சித்த மருத்துவத்தை உண்மையாக மதிப்பவர்கள்தான் இதை முதலில் கேட்க வேண்டும்.