கோணல் கொம்பில் ஒரு வில்

(மூன்றாம் ஆண்டு, இயற்பியல்)

வில் செய்ய நேரான மரம் வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். விடுதி நண்பர்கள் சொன்னார்கள். ஊரில் தச்சு வேலை செய்யும் என் தாய்மாமனும் சொன்னார். அனைவரும் ஒரே குரலில் சொல்லும் இக்கருத்தை மறுக்கவே இக்கட்டுரை. மறுப்பு வெறும் வாய்ப்பேச்சு அன்று. பாம்புபோல் நெளிந்த சீமைக் கருவேலங் கொம்பு ஒன்றில் நான் செய்த வில் இன்று நன்றாகவே அம்பு எய்கிறது.

மரம் எதனால் முறிகிறது என்பதை முதலில் பார்ப்போம். நாணை இழுக்கும்போது இலக்கைப் பார்த்திருக்கும் பக்கம் இழுபடுகிறது. அதை வில்லின் முதுகு என்று கொள்வோம். எய்பவனைப் பார்த்திருக்கும் பக்கம் நசுக்கப்படுகிறது, அது வயிறு. மரத்தின் நார்கள் நீளவாக்கில் ஓடுபவை. முதுகில் அந்த நார் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாமல் ஓடினால் இழுவிசையைத் தாங்கும். நடுவில் அறுபட்டிருந்தால் அந்த இடத்தில் சிராய் கிளம்பும்; வில்லும் அங்கேயே முறியும்.

இனி, நெளிந்த கொம்பு ஒன்றை ரம்பத்துக்குக் கொடுத்து நேரான சட்டமாக அறுத்து வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பார்வைக்குச் சட்டம் நேர். உள்ளே நார் நெளிந்துதான் ஓடுகிறது. ஒவ்வொரு நெளிவிலும் ரம்பம் அதைக் குறுக்கே வெட்டியிருக்கிறது. அந்தச் சட்டத்தில் செய்த வில் சில இழுப்புகளிலேயே முறிந்தால் வியப்பென்ன? அதே கொம்பை அதன் போக்கிலேயே, நெளிவோடு நெளிவாகச் செதுக்கினால் நார் முழுதாக நிற்கும். அம்பின் நேர்மையையும் யாழின் வளைவையும் ஒப்பிட்ட குறளை நாம் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். அம்புக்கும் யாழுக்கும் இடையில் நிற்கும் வில்லைப் பற்றி மட்டும் யாரும் நம்மிடம் கேள்வி கேட்டதில்லை!

பழைய வில்லாளர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். 1545-இல் மூழ்கி 1982-இல் மேலே கொண்டுவரப்பட்ட மேரி ரோஸ் என்னும் ஆங்கிலப் போர்க்கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட யூ மர விற்கள் கிடைத்தன. யூ மரத்தில் முடிச்சுக்குப் பஞ்சமில்லை. முடிச்சு வந்த இடத்தில் சுற்றிலும் மரத்தைச் சற்றே தடிப்பாக விட்டுச் செதுக்குவது அவர்கள் வழக்கம். டென்மார்க்கில் ஹோல்மகார்டு சதுப்பு நிலத்தில் 1944-இல் கிடைத்த எல்ம் மர வில் ஏறத்தாழ 9000 ஆண்டுகள் பழமையானது. அதைச் செய்தவனுக்கு ரம்பமும் இல்லை, இழைப்புளியும் இல்லை. ஜப்பானியரின் யூமி இரண்டு மீட்டருக்கு மேல் நீளமுள்ளது. அதன் பிடி நடுவில் இருப்பதில்லை. கீழிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருக்கிறது. நாம் 'ஒழுங்கு' என்று நினைப்பது எல்லா நாட்டுக்கும் ஒழுங்கு அன்று.

அமெரிக்காவின் ஓசேஜ் ஆரஞ்சு மரத்தின் கதை இன்னும் சுவையானது. அதற்கு 'வில் மரம்' என்று பொருள்படும் பெயரைப் பிரெஞ்சுக்காரர்கள் இட்டார்கள். (நம் பழந்தமிழிலும் 'சிலை' என்பது மரத்துக்கும் பெயர், வில்லுக்கும் பெயர்.) முள்கம்பி பரவுவதற்கு முன்பு, 19-ஆம் நூற்றாண்டில், அங்குள்ள உழவர்கள் இம்மரத்தைப் பண்ணைகளுக்கு உயிர்வேலியாக நட்டனர். முள்ளும் முறுக்குமாக வளரும் மரம் அது. இன்றும் அங்கே அதன் நெளிந்த துண்டுகளைத் தேடிப் பிடித்து வில் செய்வோர் உண்டு. அத்தகைய வில்லை அவர்கள் 'குணமுள்ள வில்' என்றே அழைக்கிறார்கள்.

வேலி, முள், முறுக்கு என்று படித்ததும் என் நினைவுக்கு வந்தது நம் சீமைக் கருவேல். இம்மரத்தைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்பவரை நான் கண்டதில்லை. இதை அகற்றும்படி 2017-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே உத்தரவிட்டது. நான் அதற்கு வக்காலத்து வாங்க வரவில்லை. வெட்டிய மரம் கரிமூட்டத்துக்குத்தானே போகிறது, அதில் ஒரு கொம்பை எடுத்தால் யாருக்கு என்ன நட்டம்?

ஐந்தரை அடி நீளமுள்ள கொம்பு. பக்கவாட்டில் இரண்டு நெளிவு, மேல்பாதியில் ஒரு கூன். வெட்டு முனைகளில் மெழுகு பூசி ஐந்து மாதம் நிழலில் காயப் போட்டேன். பட்டையை உரித்ததும் தெரிந்த மேற்பரப்பைக் கத்தி படாமல் அப்படியே முதுகாக விட்டுவிட்டு, வயிற்றுப் பக்கத்தை மட்டும் செதுக்கினேன். பக்க நெளிவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூல் பிடித்தால் அந்த நூல் பிடியின் நடுவே போகவேண்டும், அவ்வளவுதான். இடையில் மரம் எப்படி வேண்டுமானாலும் நெளியலாம். என் கொம்பில் நூல் இரண்டு விரற்கடை விலகிப் போயிற்று. நெளிவில் எண்ணெய் தடவி, தணலில் மெதுவாகச் சூடேற்றி, வளைத்துப் பலகையோடு கட்டி ஆறவிட்டேன். "அடுப்புல வச்சதுதான் வச்சே, உள்ளே தள்ளிடு மாப்ளே, சோறாவது வேகும்" என்றார் மாமா. ஆனால் உடைந்த கண்ணாடிச் சில்லால் மரத்தைச் சுரண்டும் நுட்பத்தை எனக்குக் கற்றுத் தந்தவரும் அவரே.

சுரண்டும்போதுதான் நம் பாடப்புத்தகத்துச் சூத்திரம் எனக்கு உண்மையிலேயே புரிந்தது. வளைவுக்கு எதிரான விறைப்பு அகலத்துக்கு நேர்விகிதத்திலும் தடிப்பின் மும்மடிக்கு நேர்விகிதத்திலும் இருக்கும் என்று தேர்வில் எழுதுகிறோம். 20 மில்லிமீட்டர் தடிப்பில் 2 மில்லிமீட்டரை எடுத்துவிட்டால் விறைப்பில் 27 சதவீதம் போய்விடும். கையில் கண்ணாடிச் சில்லோடு நிற்பவனுக்கு அந்த மும்மடி வெறும் எழுத்து அன்று, அச்சம்!

இனிச் சொல்லப் போவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நேரான மரத்தில் செய்த வில்லுக்கு நாணேற்றியதும் இரு பக்கமும் ஒரே சீரான பிறை தெரிந்தால் சரி என்று விட்டுவிடலாம். கோணல் வில்லில் அந்தப் பிறை நம்மை ஏமாற்றும். என் வில்லின் மேல்பாதியில் இருந்த கூன், நாணேற்றியபோது அளவுக்கு மீறி வளைந்ததுபோல் தோன்றியது. உண்மையில் அந்த இடம் மற்ற இடங்களைவிட அதிகமாக வளையவில்லை. அது வளர்ந்ததே அப்படி. தோற்றத்தை நம்பி, மற்ற இடங்களைச் சுரண்டிப் பிறை ஆக்கியிருந்தால் நல்ல பகுதிகள் மெலிந்து நசுங்கியிருக்கும். ஆகவே நாணேற்றுவதற்கு முன்பே வில்லைப் பழைய செய்தித்தாளின்மேல் கிடத்தி அதன் உருவத்தை வரைந்து வைத்துக்கொண்டேன். ஒவ்வோர் இடமும் எங்கிருந்து புறப்பட்டது, எவ்வளவு நகர்ந்தது என்பதே கணக்கு. மாணவனை அளக்கும்போதும் அவன் புறப்பட்ட இடத்தை வரைந்து வைத்துக்கொள்வோர் எத்தனை பேர் என்று அப்போது நினைத்தேன். ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க.

கோணல் எல்லாம் நல்லது என்று நான் வாதாடவில்லை. உளுத்த மரமும் குறுக்கே வெடித்த மரமும் அடுப்புக்கே உரியவை. போட்டிக்கு எய்பவருக்கு ஒன்றுபோல் மற்றொன்று இருக்கும் கருவிகள்தான் வேண்டும். அவர் என் வில்லைத் தொடக்கூட மாட்டார். நேர்மரத்தில் வேலை எளிது, நாளும் குறைவு. ஆயினும் எளிதான வேலையை மட்டுமே நாம் கற்க வேண்டுமா?

நம் ஆய்வகத்தில் சீரான வளைவு, சீரற்ற வளைவு என்று இரண்டு முறைகளில் மீட்டர் அளவுகோலை வளைத்து யங் குணகம் காண்கிறோம். அளவுகோல் நேர், அகலம், தடிப்பு எங்கும் ஒன்றே. வரவேண்டிய விடையும் மூத்த மாணவரின் பதிவேட்டில் ஆயத்தமாக இருக்கிறது. விடையிலிருந்து அளவீட்டுக்குப் பின்னோக்கி நடக்கும் கலையில் நம்மில் பலர் தேர்ந்தவர்கள் என்பது ஊரறிந்த இரகசியம். அந்த மேசையில் ஆண்டுக்கு ஒரு கோணல் கொம்பையும் வைக்கலாம் என்பது என் துணிபு. அதற்கு எந்தப் பதிவேட்டிலும் விடை இராது. எந்த இடத்தில் எத்தனை மில்லிமீட்டர் என்று மாணவன் தானே அளந்தாக வேண்டும். பக்கத்து மேசையைப் பார்த்து எழுத முடியாது, பக்கத்து மேசையில் இருப்பது வேறு கொம்பு. செலவும் ஒன்றும் பெரிதில்லை: ஓர் அரம், உப்புத்தாள், கண்ணாடிச் சில்லு, சுருள்வில் தராசு.

அந்தத் தராசில் கட்டி இழுத்துப் பார்த்ததில் என் வில் 26 அங்குல இழுப்பில் 15 கிலோ காட்டியது. இன்னும் இரண்டு கொம்புகள் விடுதி மாடிப்படிக்கு அடியில் காய்ந்துகொண்டிருக்கின்றன. ஒன்றில் நட்டநடுவே பெரிய முடிச்சு. மற்றது மூன்று இடத்தில் நெளிந்தது. விரும்புவோர் எடுத்துக்கொள்ளலாம். ஆடி பிறக்கும் வரை பட்டையை மட்டும் உரிக்க வேண்டாம்.