எந்தத் திரை என்று சொல்லி விற்போம்

பெரியகல்லாற்றில் ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி. அங்கு வீசும் உப்புக் காற்று தொலைக்காட்சியின் சர்க்கிட் பலகையையும் மெல்ல அரிக்கும். பழுதுபார்க்க முடியுமா என்பதே அப்பக்கத்துக் குடும்பங்களின் முதற்கேள்வியாக இருக்க வேண்டும். நம் கடைகளிலோ "எல்.ஈ.டி.யை விடப் புதியது கியூ.எல்.ஈ.டி." என்று விலையை ஏற்றுவதில்தான் கவனம்.

எல்.ஈ.டி. என்பது பின்னொளி மாறிய எல்.சி.டி.தான். 2017இல் சாம்சங் பெயர் சூட்டிய கியூ.எல்.ஈ.டி.யும் அதே குடும்பம். நிறம் கூடுதலாகத் துலங்கும், அவ்வளவுதான். ஓ.எல்.ஈ.டி.தான் வேறு இனம். அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், கறுப்பு அசல் கறுப்பாகத் தெரியும். ஆனால் செய்தி அலைவரிசையின் சின்னம் நாள் முழுக்க ஒரே மூலையில் நின்றால் காலப்போக்கில் தடம் பதியலாம். பனசொனிக் 2013இல் உற்பத்தியை நிறுத்திய பிளாஸ்மாவுக்கும் இக்குறை இருந்தது.

கடலோர வீட்டுக்கு என் தெரிவு சாதாரண எல்.ஈ.டி. பின்னொளிப் பட்டி போனால் மாற்றலாம், ஓ.எல்.ஈ.டி. திரை போனால் பெரும்பாலும் புதுப்பெட்டிதான். குறையை மறைத்து விற்ற பணம் நமக்கு ஆகுமானதா? சகோதரர்களே, விலைச்சீட்டிலேயே திரையின் வகையை எழுதி ஒட்டிவிடுங்கள். ஜன்னலோரம் வைக்க வேண்டாம் என்பதையும் சேர்த்து.