இரவல் இசையா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

நம் விடுதியில் ஒரு வழக்கு முடிவின்றி நடக்கிறது. ராக் இசை கேட்கும் நண்பர்கள், "மேல்நாட்டார் சொந்தமாகப் படைக்கிறார்கள்; நம்மவர் பார்த்துப் போடுகிறார்கள்" என்கின்றனர். எதிரணியினரோ, நம் இசை எவரிடமும் கை நீட்டாதது என்று மார்தட்டுகின்றனர். இரு கட்சியும் எனக்கு உடன்பாடல்ல.

லெட் செப்பலின் குழுவையே எடுத்துக்கொள்வோம். 1969-இல் வந்த அவர்களது இரண்டாம் இசைத்தட்டின் முதற்பாடல் உலகப் புகழ் பெற்றது. அதன் வரிகள் பலவும், வில்லி டிக்சன் என்னும் அமெரிக்கக் கறுப்பினப் பாடலாசிரியர் எழுதி, 1962-இல் மடி வாட்டர்ஸ் பாடிய பாட்டிலிருந்து வந்தவை. டிக்சன் 1985-இல் வழக்குத் தொடுத்தார்; 1987-இல் சமரசமாயிற்று. அதன் பிறகே பாடலாசிரியர் வரிசையில் அவர் பெயரும் ஏறியது. வழக்கில்லாவிட்டால் ஏறியிருக்குமா?

நம்மவர் கதை வேறு. முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) சென்னைக் கோட்டை ஆங்கிலேயர் வாத்தியக் குழுவின் மெட்டுகளுக்கு வடமொழிச் சொற்கள் அமைத்தார். அவை 'நோட்டுஸ்வரம்' என்றே வழங்குகின்றன. 'நோட்டு' ஆங்கிலச் சொல். பிறந்த வீடு பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது! அவர் தம்பி பாலுசுவாமி வயலின் கற்றார். இன்று அந்த அயல்நாட்டுக் கருவி இல்லாமல் வாய்ப்பாட்டுக் கச்சேரி களை கட்டுமா? இளையராஜாவும் 1986-இல் தம் 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கினார். வாங்கியதில் இழிவில்லை; கொடுத்தவர் பெயரை மறைப்பதே இழிவு.

ஆனால் நாமும் முழு யோக்கியர்கள் அல்லர். ஆனைமலைப் பக்கம் மாரியம்மன் நோம்பியில் உறுமியும் பம்பையும் முழங்குகின்றனவே, அந்த அடியைத் திரைப்பாட்டில் கேட்டால் துள்ளுகிறோம். அடித்தவர் யார்? 'நாட்டுப்புற மெட்டு' என்ற ஒரே சொல்லில் கணக்கை முடித்துவிடுகிறோம். டிக்சனுக்காவது நீதிமன்றம் இருந்தது. உறுமிக்காரருக்கு யார் வக்காலத்து? என் பாட்டனார் கைநாட்டு. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். எழுதி வைக்காத சொத்து எப்படிக் கைமாறும் என்பதை எங்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

கல்லூரி விழாவில் கிராமிய நடனம் ஆடுகிறோம். அந்த மெட்டை எந்த ஊரில், யாரிடம் கேட்டோம் என்று அழைப்பிதழில் ஒரு வரி அச்சிட என்ன செலவாகிவிடும்? நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் செல்லும் நண்பர்கள் ஒரு குறிப்பேடும் எடுத்துச் செல்லட்டும். வாசிப்பவர் பெயர், ஊர், கற்பித்தவர் பெயர் மூன்றையும், அவர்கள் சம்மதத்தோடு, எழுதி வந்தால் அடுத்த ஆண்டு மலரில் அதற்கு இரண்டு பக்கம் ஒதுக்குமாறு ஆசிரியர் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.